கால்நடையாகக் கதிர்காமம்: பெரியநீலாவணை தொடக்கம் உகந்தை வரை

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் எங்கள் கரையோரத்துப் பெண்கள் கதிர்காமத்தைப் பற்றிக் கதைக்க ஆரம்பித்துவிடுவார்கள். யார் இம்முறை நடக்கிறார்கள், யாருடைய நேர்த்தி இன்னும் தீரவில்லை, வீட்டையும் கோழிகளையும் யாரிடம் விட்டுப் போவது என்பதெல்லாம் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் பேசித் தீர்க்கப்படும். கணவனை இழந்த பெண் பக்கத்து ஊர்க் கலியாணத்துக்குப் போனாலே குறை சொல்கின்ற எமது சமூகம், அவள் கதிர்காமத்துக்கு நடக்கிறேன் என்று சொன்னால் மட்டும் வாய் திறப்பதில்லை. இரண்டு வாரம் வீட்டைப் பூட்டிவிட்டு, தெரியாத ஊர்களில் படுத்தெழும்பி, தெரியாதவர்கள் கையால் சாப்பிட்டுவிட்டு வர அவளுக்குக் கிடைக்கும் ஒரே அனுமதி அதுதான். பக்தி ஒரு பக்கம் இருக்க, இதனையும் நாம் மனதில் வைத்திருக்க வேண்டும்.

இந்த யாத்திரை யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் ஆலயத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைக் கடந்து, உகந்தையில் காட்டுக்குள் இறங்கிக் கதிர்காமத்தில் முடிகிறது. முழுவதும் நடப்பவர்களுக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் செல்லும். 1983ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்னர் வடக்கிலிருந்தான நடை நின்றுபோனது. 1988ஆம் ஆண்டு கிழக்கிலிருந்து மீண்டும் ஒழுங்கு செய்யப்பட்டது. யுத்தம் முடிந்தபின் பழையபடி செல்வச்சந்நிதியிலிருந்தே கூட்டங்கள் புறப்படுகின்றன. ஆனால் எங்கள் மாவட்டத்துப் பெண்களில் அநேகமானோர் வடக்கிலிருந்து வரும் கூட்டத்துடன் வழியில் சேர்ந்துகொள்பவர்களே. நானும் அப்படித்தான். பாண்டிருப்பில் சேர்ந்து உகந்தை வரை நடந்தேன். ஏறக்குறைய நூறு கிலோமீற்றர், எட்டு நாட்கள். காட்டுக்குள் போக எனக்கு லீவு போதவில்லை.

அம்பாறைக் கரையோரத்தைப் பற்றி வெளியூர்ச் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஊர்கள் பூமாலை கட்டியதுபோல் மாறி மாறி வரும். பெரியநீலாவணை தமிழர் ஊர். அடுத்தது மருதமுனை, கைத்தறிச் சேலைக்குப் பெயர் போன முஸ்லிம் ஊர். அதனையடுத்து பாண்டிருப்பு, திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் பேர்போனது. பின்னர் கல்முனை நகரம், கல்முனைக்குடி, சாய்ந்தமருது. அதன்பின் காரைதீவு, கண்ணகை அம்மனின் ஊர், சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊர். பிறகு நிந்தவூர், அட்டப்பள்ளம், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று போகும். ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று வெளியாருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். யுத்த காலத்தில் அந்த எல்லைகளை ஒவ்வொரு மதிலாக, ஒவ்வொரு பூவரச மரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். இருட்டினால் தாண்டக்கூடாத இடங்கள் அவை.

அந்தக் காலத்தில் நடந்தவற்றை இங்கு விரித்து எழுதப் போவதில்லை. 1990 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களுக்கும், வீரமுனையில் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களுக்கும் என்ன நடந்தது என்பது இதனை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு அது செய்தி. சிலருக்கு அது தகப்பன், சிலருக்கு மூத்த பிள்ளை. அதற்குப் பின்னர் ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் குடிப்பதுகூட நின்றுபோனது. அதற்கு முன்பு தமிழ்ப் பெண்கள் முஸ்லிம் போடிமாரின் வயலில் அருவி வெட்டியிருக்கிறார்கள். முஸ்லிம் பெண்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து பாய் பின்னியிருக்கிறார்கள். இரண்டு சமூகத்திலும் குடி தாய்வழியில்தான் வருகிறது. இரண்டிலும் வீடு மகளுக்குத்தான். (சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுத்த வீடுகள் பலவற்றைக் குடும்பத் தலைவர் என்று சொல்லி ஆண்களின் பெயரில் எழுதியபோது இரு பக்கத்துப் பெண்களும்தான் நட்டப்பட்டார்கள். அது வேறொரு கட்டுரைக்குரிய விடயம்.)

விடியப்புறம் மூன்றரை மணிக்கு வேலுக்குப் பூசை செய்து புறப்படுவோம். வேலைத் தாங்கிச் செல்பவரை வேல்சாமி என்பார்கள். யாத்திரையில் எல்லோரும் எல்லோருக்கும் ‘சாமி’தான். ஆசிரியையும் சாமி, மீன் விற்பவரும் சாமி, ஐந்து வயதுப் பிள்ளையும் சாமி. விதவை என்றோ வாழாவெட்டி என்றோ கூப்பிட அங்கு சொல் கிடையாது. வெயில் ஏறுமுன் நடந்து முடித்து, பத்து மணிக்கு ஒரு கோயில் மண்டபத்தில் தங்கி, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு மீண்டும் நடப்போம். தார் றோட்டு சுடும்போது ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் காலை வைத்து நடந்தால் சூடு குறைவு. இதனை எனக்குச் சொல்லித் தந்தவர் எழுபது வயதான ஓர் ஆச்சி. அவருக்கு அது பதினோராவது நடை.

சமைத்துச் சாப்பிடும் யாத்திரை அல்ல இது. வழி தருவதைச் சாப்பிடும் யாத்திரை. பையில் ஒரு மாற்றுச் சேலை, ஒரு போர்வை, ஒரு சாப்பாட்டுக் கோப்பை, அவ்வளவுதான். பாண்டிருப்பில் விடியவே இலைக்கஞ்சி கிடைத்தது. முல்லை, முசுட்டை, பொன்னாங்காணி இலைகளின் சாறு விட்டு, தேங்காய்ப்பாலில் காய்ச்சிய கஞ்சி. ஒரு துண்டுச் சக்கரையைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். காரைதீவில் மதியச் சோறு. பெரிய கிடாரங்களில் பருப்பும் பூசணிக்காயும் கொதித்துக்கொண்டிருக்க, அகப்பை பிடித்தவர்கள் அத்தனை பேரும் பெண்களாகவே இருந்தார்கள். வைகாசியில் கண்ணகை அம்மனின் குளிர்த்தி முடிந்த கையோடு இந்த அன்னதானத்துக்கு அரிசி சேர்க்கத் தொடங்கிவிடுவார்களாம். வீட்டுக்கு ஒரு சுண்டு. வசதி இல்லாத வீட்டிலும் ஒரு சிறங்கை வாங்குவார்கள், விடமாட்டார்கள். கொடுக்க ஒன்றுமில்லை என்று யாரையும் ஒதுக்கக்கூடாது என்பதுதான் காரணம் என்று அங்கு ஒரு அம்மா விளங்கப்படுத்தினார். நிவாரண வரிசையில் வருடக்கணக்கில் கை நீட்டி நின்ற எங்களுக்கு இது பெரிய விடயம். சோற்றை வாங்கும்போது நானும் ஒரு சிறங்கை அரிசி போட்டிருக்கலாமே என்று தோன்றியது.

இலைக்குப் பதிலாக இப்போது எல்லா இடத்திலும் லஞ்ச் சீற் வந்துவிட்டது. முன்பு தாமரை இலையில் உண்டோம். அந்த வாசம் சோற்றோடு சேர்ந்து வரும். இப்போது ஆயிரம் பேர் சாப்பிட்டு எழும்பினால் ஆயிரம் பொலித்தீன் பறக்கிறது. அதைப் பொறுக்குவதும் பெண்கள்தான்.

இனி, நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். கல்முனைக்குடியைக் கடக்கும்போது கடற்கரைப் பள்ளிவாசல் பக்கமாகக் காற்று வந்தது. நாகூர் ஆண்டகையின் பெயரில் வருடாவருடம் கொடியேற்றும் பள்ளி அது. எனது சின்ன வயதில் அந்தக் கொடியேற்றத்துக்கு அம்மா எங்களைக் கூட்டிப் போயிருக்கிறார். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அந்தக் கரை முழுவதும் துடைக்கப்பட்டது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் போய்விட்டார்கள். நாட்டிலேயே ஆகக்கூடிய சாவு எங்கள் மாவட்டத்தில்தான். அன்று கோயில், பள்ளிவாசல், பாடசாலை என்று பார்க்காமல் கதவு திறந்திருந்த இடத்துக்கெல்லாம் எல்லோரும் ஓடினோம். இவன் யார், அவள் யார் என்று கேட்க அன்று நேரமிருக்கவில்லை.

சாய்ந்தமருதில் கடைத்தெருவோரம் ஒரு மேசை போட்டுச் சர்பத்தும் வத்தகைப் பழமும் வைத்திருந்தார்கள். இளைஞர்கள் சிலர் கோப்பை நிறைத்துக் கொடுக்க, மேசைக்குப் பின்னால் கதிரையில் ஒரு ராத்தா இருந்து பழம் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கூட்டத்தில் தம்பிலுவில் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். 1990இல் தகப்பனையும், பின்னொரு காலத்தில் மகனையும் இழந்தவர். மகன் செத்தானா இருக்கிறானா என்பது இன்றுவரை தெரியாது. அவனுக்காகத்தான் அவர் நடக்கிறார். முஸ்லிம் கையால் தண்ணீர் வாங்குவதில்லை என்று அவர் முதல்நாளே எங்களிடம் சொல்லியிருந்தார். நாங்கள் யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? மேசையைத் தாண்டிப் போய் ஒரு மதிலடியில் அவர் நின்றார். அந்த ராத்தா பார்த்துக்கொண்டே இருந்தவர், வெட்டிய பழத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு தானே எழும்பி வந்தார். வற்புறுத்தவில்லை. நோன்பு காலத்தில் தனக்கும் இப்படித்தான் தொண்டை வறளும் என்று மட்டும் சொன்னார். அம்மா பழத்தை வாங்கினார். தான் தின்னவில்லை, பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

இது சமாதானம் என்று நான் எழுத வரவில்லை. வாங்கினார், அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த ஊர் பட்டதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து ஐந்து நாள் கழித்து, அதே சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் துப்பாக்கிச் சண்டையும் வெடிப்பும் நடந்து பிள்ளைகளும் செத்தார்கள். அதற்குப் பிறகு அங்குள்ள பெண்கள் முகம் மூடி வெளியே வரப் பயந்தார்கள். சோதனைக்கு ஆமி வீட்டுக்குள் வந்தால் எப்படியிருக்கும் என்பதை அவர்கள் அப்போது அறிந்தார்கள். எமக்கு அது பழைய பாடம். அதே வருடம் ஜூனில், கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு ஒரு பக்கம் உண்ணாவிரதம் இருக்க, அதற்கு எதிராக மற்றப் பக்கமும் உட்கார்ந்தது. இப்படியெல்லாம் இருக்கும் வீதியில்தான் சர்பத் மேசை போடப்படுகிறது. எல்லோரும் போடுவதில்லை. போடுகிறவர்களுக்குத் தங்கள் ஊருக்குள்ளேயே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் நான் அறிவேன்.

நிந்தவூரைத் தாண்டி அக்கரைப்பற்று வரையிலான நாள்தான் எனக்கு ஆகக் கடினமாக இருந்தது. உள்ளங்காலில் கொப்புளம். கொப்புளத்தை உடைக்கக்கூடாது என்பதை எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் உடைப்பார்கள். இரவில் உப்புத் தண்ணீரில் காலை வைத்திருந்து, துடைத்து, நரம்பு இழுக்கும் இடத்துக்குச் சித்தாலேப பூசிப் படுத்தால் விடிய எழும்பலாம். நீரிழிவு உள்ள சகோதரிகள் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். முருகன் செருப்பைப் பார்க்கப் போவதில்லை. பிரஷர் மாத்திரையை நேர்த்திக்காக நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள், அதுவும் கூடாது. தலை சுற்றினால் ஜீவனி பக்கற் ஒன்றைக் கரைத்துக் குடிக்க வேண்டும்.

இன்னொன்று. மாதவிடாயைப் பற்றி யாத்திரை நூல்களில் ஒரு வரியும் இருக்காது, ஏனெனில் அவற்றை எழுதியவர்கள் ஆண்கள். இத்தனை நாள் நடக்கும்போது வராமலிருக்குமா? அதை நிறுத்த மாத்திரை போட்டு வருத்தப்பட்ட பிள்ளைகளை நான் கண்டேன். வைத்தியரைக் கேட்காமல் அப்படிச் செய்ய வேண்டாம். எங்கள் கூட்டத்தில் அந்த நாட்களில் ஒருத்தி கோயிலுக்குள் போகாமல் வெளி மரத்தடியில் இருந்தாள். சோற்றை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தோம், இரண்டு பேர் அவளுடனேயே இருந்து சாப்பிட்டார்கள். நடையை யாரும் தடுக்கவில்லை. வேறு கூட்டங்களில் திருப்பி அனுப்பியதாகவும் கேள்விப்பட்டேன். சேருமுன் இதனைக் கூச்சப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றத் தேவையானவற்றைக் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பொத்துவிலுக்கு அப்பால் கடையை நம்ப முடியாது. மலசலகூடத்துக்கு இரவில் தனியே போகாமல் மூன்று பேராகப் போவது நல்லது. படுக்கும்போது பெண்கள் நடுவில் சேர்ந்து படுப்போம். தகாதபடி நடப்பவன் இருந்தால், சாமி என்று கூப்பிட்ட வாயாலேயே சத்தம் போட வேண்டும்.

தம்பிலுவிலிலும் திருக்கோவிலிலும் ஒருநாள் ஓய்வு. திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயம் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாவட்டமே அங்கு திரளும். தகப்பனில்லாதவர்கள் விரதமிருக்கும் நாள் அது. எத்தனை பிள்ளைகள் அங்கு வந்து நிற்பார்கள் என்று யோசித்தாலே நெஞ்சு அடைக்கும். அங்கு எங்களுக்குச் சர்க்கரைப் புக்கையும், கட்டித் தயிரும் சோறும் கிடைத்தன. தம்பிலுவில் அம்மா தன் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு மறுநாள் விடிய வந்து சேர்ந்தார்.

அதன்பின் தாண்டியடி, சங்கமன்கண்டி, கோமாரி. யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளும் வெறுமையுமாக இருந்த வீதி. பொத்துவிலில் ஒரு முஸ்லிம் வியாபாரி காட்டுக்குப் போகிறவர்களுக்காகக் கச்சானும் பேரீச்சம்பழமும் பொதி செய்து வைத்திருந்தார். வாப்பா காலத்தில் இருந்து கொடுப்பதாகவும் இடையில் விட்டுப்போன வருடங்கள் உண்டென்றும் சொன்னார்.

பாணமையில் பாஷை மாறும். சிங்களமும் தமிழும் கலந்து மணமுடித்த பழைய ஊர் அது. அவர்களுக்குப் பத்தினி, எங்களுக்குக் கண்ணகை. பாற்சோறு தந்தார்கள், கூடவே சம்பல். நாங்கள் மச்சம் சாப்பிடுவதில்லை என்று அறிந்து மாசி போடாமல் இடித்திருந்தார்கள். 2010ஆம் ஆண்டு ஜூலையில் இந்த ஊர்க் குடும்பங்கள் சில தங்கள் காணியிலிருந்து துரத்தப்பட்டன. அந்தக் காணியைத் திருப்பிக் கேட்டு நடந்த நீண்ட போராட்டத்தில் பாணமைப் பெண்கள் முன்னால் நின்றார்கள். கேப்பாப்புலவுக்குப் போய்ப் பார்த்த எங்களில் ஒருத்திக்கு அவர்களுடன் கதைக்க நிறைய இருந்தது. சிங்களம் தெரியாது. கையாலும் முகத்தாலும் கதைத்தாள்.

உகந்தை அங்கிருந்து ஒரு நாள் நடை. கடலோரம் பாறை மலை. அடிவாரத்தில் முருகன், மலை உச்சியில் வள்ளியம்மன், பாறைக் குழிகளில் சுனைத் தண்ணீர். முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்திறங்கிய கரை என்பார்கள். கதிர்காமத்திலும் திருவிழா நாட்களில் சுவாமி ஒவ்வொரு இரவும் போவது வள்ளியம்மன் கோயிலுக்குத்தான். குறப் பெண்ணின் வாசலுக்குச் சுவாமி தேடிப் போவதைக் கண்ணால் பார்ப்பதற்கென்றே நடக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அதே கதிர்காமத்தில் பள்ளிவாசலும் இருக்கிறது, ஹிழ்று நபியின் பெயரால் முஸ்லிம்கள் தரிசிக்கும் இடம். திருவிழாவுடன் அங்கும் கொடி ஏறும். எங்கள் வீதியில் பிரிந்து கிடக்கும் ஊர்கள் அங்கே ஒரே மணலில் நிற்கின்றன.

உகந்தையிலிருந்து குமண வழியாகக் காடு. கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று நான்கைந்து நாள். அந்தப் பூங்கா யுத்தத்தால் 1985 முதல் 2003 வரை மூடியிருந்தது. இப்போது காட்டுப் பாதை ஒவ்வொரு வருடமும் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் திறக்கப்படும். திகதியை மாவட்டச் செயலகம் அறிவிக்கும், அதைக் கேட்டபின் வீட்டிலிருந்து வெளிக்கிடுங்கள். காட்டுக்குள் அன்னதானம் குறைவு. அரிசி, பருப்பு, அவல், சமபோஷா, தேசிக்காய் ஊறுகாய் தோளில் சுமக்க வேண்டும். அது பாலைப்பழம் பழுக்கும் காலம். வாயில் பால் ஒட்டும், ஆனால் தேன்போல இனிக்கும். கரடிக்கும் அது பிடிக்கும் என்பதால் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டே பொறுக்க வேண்டும்.

காட்டு வாசலில் பெயர் பதிகிறார்கள். எண்ணிக்கை எடுத்து, அடையாள அட்டை பார்த்து விடுவார்கள். தம்பிலுவில் அம்மாவின் முறை வந்தபோது தொடர்புகொள்ள ஒரு தொலைபேசி இலக்கம் கேட்டார்கள். அவரிடம் இருக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார், நான் எனது இலக்கத்தைச் சொன்னேன். பொத்துவில் வியாபாரி எனக்குத் தந்த பேரீச்சம்பழப் பொதியை அவரிடம் கொடுத்தேன். எனக்கு வீட்டில் இருக்கிறது என்றேன். யார் தந்தது என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, பைக்குள் அரிசிக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆறாம் நாள் பின்னேரம் யாரோ ஒருவருடைய தொலைபேசியிலிருந்து அழைப்பு வந்தது. மாணிக்க கங்கைக் கரையில் நிற்பதாகச் சொன்னார். பின்னால் சனங்களின் சத்தமும் அரோகராவும் கேட்டன. கால் வெடித்துவிட்டது, கடைசி இரண்டு நாளும் தண்ணீர் கஷ்டம், பேரீச்சம்பழம்தான் உதவியது என்றார். மகனுக்குக் கற்பூரச் சட்டி எடுக்கப் போகிறாராம். பிறகு நான் சாப்பிட்டேனா என்று கேட்டார்.